கால்சியம் கடைசியில்தான்

எலியின் மூளைச் சீவல்களை உயிரோடு வைத்திருந்து, நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைகைகளை மின்பதிவு செய்வது என் தொழில். சீவல்கள் கிடக்கும் கரைசலை அன்றன்று காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, பைகார்பனேட், பாஸ்பேட், குளுக்கோஸ் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போடலாம். கால்சியம் குளோரைடை மட்டும் நிறுக்க விடமாட்டேன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் உப்பு அது. தராசு காட்டும் எடையில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல முடியாது. 1 மோலார் கரைசலாக முன்பே செய்து வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் என்று பிப்பெட்டால் அளந்து விடுவதே சரி.

அதையும் கடைசியில்தான் விட வேண்டும். 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கரியமில வாயுவும் கலந்த வாயு கரைசலில் நன்றாகக் குமிழியிட்டு, காரத்தன்மை தணிந்த பிறகு, ஸ்டிரர் சுற்றிக்கொண்டிருக்கும்போது சொட்டுச் சொட்டாக. முந்திக்கொண்டால் கால்சியம் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் பிரிந்து கரைசல் வெளுத்துக் கலங்கிவிடும். வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்பதுண்டு. கூடாது. வடிதாளில் தங்கிவிடுவதுதான் நமக்கு வேண்டிய கால்சியம்.

இத்தனை கறார் எதற்கு என்பதற்கு லண்டனில் ஒரு பழைய பதில் இருக்கிறது. சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து 1882இல் முடிவுகளை வெளியிட்டார். அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் கலந்ததல்ல, நியூ ரிவர் நிறுவனத்தின் குழாய்த் தண்ணீரில் கலந்தது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வடித்த நீரில் கலந்தபோது துடிப்பு அடங்கியது. கால்சியம் சேர்த்ததும் மீண்டது. 1883இல் அதைத் தெளிவாக எழுதினார். 1894இல் லாக் என்பவர் நரம்புக்கே வந்தார். கால்சியம் இல்லாத கரைசலில் நரம்பைத் தூண்டினால் தவளையின் தசை அசையவில்லை. தசையை நேராகத் தூண்டினால் சுருங்கியது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில்தான் தடை.

அந்த இடத்தில் நடப்பதைப் பிரித்துக் காட்டியவர் பெர்னார்ட் காட்ஸ். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1935இல் லண்டனுக்கு வந்தவர். 1970இல் நோபல் பரிசு பெற்றார். ஹோசே டெல் காஸ்டியோவுடன் சேர்ந்து 1954இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் மாணவர்களோடு வரி வரியாக வாசிக்கிறேன். கால்சியத்தைக் குறைத்து, அதற்கு எதிராக வேலை செய்யும் மக்னீசியத்தைக் கூட்டினார்கள். தசையின் மறுமொழி சீராகத் தேயவில்லை, படிப்படியாக இறங்கியது. சில தூண்டல்களுக்கு ஒன்றுமே வரவில்லை. வந்தவற்றில் மிகச் சிறியது, தூண்டாதபோதும் தானாகத் தோன்றும் நுண்துடிப்பின் அளவே இருந்தது. நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் பொட்டலம் பொட்டலமாக வெளிவருகிறது என்பது அதிலிருந்து விளங்கியது. பொட்டலத்தின் அளவைக் கால்சியம் மாற்றுவதில்லை. எத்தனை பொட்டலம் வெளியேறும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

1967இல் டாட்ஜும் ரஹமிமோஃபும் அதற்குக் கணக்குக் கொடுத்தார்கள். கால்சியம் குறைவாக உள்ள எல்லையில், வெளியீடு அதன் செறிவின் ஏறத்தாழ நான்காம் படியில் ஏறுகிறது. கால்சியம் இரட்டித்தால் வெளியீடு 16 மடங்கு. பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. பிப்பெட்டைப் பிடிக்கும் கைக்கு இதைவிடக் கண்டிப்பான விதி எனக்குத் தெரியவில்லை.

நரம்பு முனையின் உள்ளே கால்சியம் மிக அரிது, சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். இந்த வேறுபாட்டைக் காக்க நரம்பணு ஓயாமல் கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் வாயில்கள் நொடிப்பொழுது திறக்க, உள்ளே பாய்ந்த அயனிகள் பொட்டலத்தின் மேலுள்ள சினாப்டோடாக்மின் புரதத்தில் ஒட்டுகின்றன, பொட்டலம் திறந்துகொள்கிறது. இந்தப் புரதத்தின் வேலையை விளக்கிய தாமஸ் சூடாஃப் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வாயிலுக்கும் பொட்டலத்துக்கும் எவ்வளவு தூரம்? எந்த அளவுகோலும் இல்லாமல் அதை மதிப்பிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஈஜிடிஏ, பாப்டா என்று கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இரண்டு பொருள்கள். பிடியின் உறுதி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ரோஜர் சியன் 1980இல் உருவாக்கிய பாப்டா நூறு மடங்குக்கும் மேல் வேகமாகப் பிடிக்கும். கணவாயின் பெரிய நரம்பு முனைக்குள் பாப்டாவைச் செலுத்தியபோது சைகை அடங்கியது. ஈஜிடிஏ செலுத்தியபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அது எட்டிப் பிடிப்பதற்குள் கால்சியம் தன் வேலையை முடித்துவிட்டது என்றால், அவ்வளவு நெருக்கம், சில பத்து நானோமீட்டர். வேகத்தைக் கொண்டு தூரத்தை அளந்த அந்த யோசனைக்கு எத்தனை பாராட்டும் தகும்.

இனி எனக்குள்ள குறை. மூளையைச் சூழ்ந்த திரவத்தில் கால்சியம் 1.2 மில்லிமோலார் அளவில்தான் இருக்கிறது. சீவல்களுக்கு நாங்கள் கொடுப்பதோ வழக்கமாக 2, சிலர் 2.5, இன்னும் சிலர் 3. சைகை பெரிதாக, தெளிவாக வரும் என்பதால் பழகிப்போன அளவு இது. 2 இலிருந்து 1.2 க்கு இறங்கினால், நான்காம் படிக் கணக்கின்படி வெளியீடு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். உண்மையில் எல்லா இணைப்புகளிலும் அத்தனை செங்குத்தாக இறங்காது என்றாலும் வேறுபாடு சிறியதல்ல. மார்செய் நகரில் டொமினிக் டெபானின் குழு 2020இல் காட்டியது இன்னும் முக்கியம். இரு நரம்பணுக்கள் துடிக்கும் நேர வரிசைக்கேற்ப இணைப்பு வலுப்படும் அல்லது தளரும் என்று பாடநூல்கள் சொல்லும் விதி, 3 மில்லிமோலார் கால்சியத்தில் அப்படியே கிடைக்கிறது, 1.3 இல் அதே முறையில் தூண்டினால் மாற்றமே இல்லை. அடிக்கடியோ கொத்துக் கொத்தாகவோ துடித்தால்தான் இணைப்பு மாறுகிறது. இணைப்புகளின் மாற்றமாக நினைவை விளக்கி நாம் நம்பிக்கையோடு எழுதியவற்றில் எவ்வளவு மூளையைச் சேர்ந்தது, எவ்வளவு கரைசலைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கும் கடமை நம் எல்லோருக்கும் இருக்கிறது.

எங்கள் மேசையில் இப்போது 2 க்குப் பக்கத்திலேயே 1.2 குடுவையும் இருக்கிறது. அதில் சைகைகள் சிறுத்துவிடுகின்றன, பல தூண்டல்களுக்குப் பதிலே வருவதில்லை, ஒரே கேள்விக்கு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கிறது. உட்காரத்தான் வேண்டும். ஆய்வுக் கட்டுரை ஒன்று கைக்கு வந்தால், படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் செய்முறைப் பகுதியில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று பார்ப்பேன். அந்த இரண்டு எண்களும் இல்லாத கட்டுரையை மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுப்பதில்லை.