சிறு வண்டும் அறிவின் அமானிதமும்

ஒரே பெயருடைய ராவிகளைக் குன்யாவாலும் ஊராலும் பிரித்தறிய நாம் மதரஸாவில் கற்பிக்கிறோம். ஆள் மாறினால் ஹதீஸின் தரமே மாறிவிடும். அல்லாஹ்வின் சிறு படைப்புகளுக்கும் அத்தகைய நிதானம் தேவை.

நன்னீர்க் கரைகளின் ஈரமணலில் 2, 3 மில்லிமீட்டர் தரைவண்டுகள் எறும்புபோல் விரைந்தோடும். வாயருகு உணரிழையின் கடைசிக் கணு ஊசிமுனையாய்ச் சிறுத்திருப்பது அவற்றுள் ஒரு கூட்டத்தின் அடையாளம். முதுகின் கடின இறகுகள் கூடுமிடத்தை ஒட்டிய கோடு நுனியில் முன்னோக்கி வளைந்து திரும்பினால், அது டாக்கிஸ் வகையைச் சேர்ந்தது. கீழைநாட்டு டாக்கிஸ் இனங்களை ஆங்கில அறிஞர் ஆண்ட்ரூஸ் 1925-இல் வகைப்படுத்தினார்.

பெயரறியா உயிர் அழிந்தால் அழிந்ததென்று சொல்லவும் ஆளிராது. எனவே, நம் திருவண்ணாமலை ஏரிக்கரைகள் சிமெண்டால் மூடப்படுமுன், பிள்ளைகளின் கையில் ஓர் உருப்பெருக்கியைக் கொடுத்து, குனிந்து பார்க்கக் கற்பிப்போமாக.