படிக்காத நூல்கள்

"நான் விரும்பிப் படித்த நூல்கள்" என்னும் தலைப்பில் இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய் எழுதுகோலைக் கையில் எடுத்தபோதுதான் அந்தத் தலைப்பில் நேர்மையாக எழுதினால் ஒரு பக்கம்கூடத் தேறாது என்பது தெரிந்தது. ஆகவே, நண்பர்களே, தலைப்பைச் சற்றே திருத்திக்கொண்டேன். மலர்க் குழுவினர் பொறுத்தருள்க.

எங்கள் வீடு ஹெப்பகோடியில் இருக்கிறது. ஓசூர்ச் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஊர். அதற்கு அடுத்தது பொம்மசந்திரத் தொழிற்பேட்டை. இன்னும் சிறிது தொலைவு போனால் அத்திப்பள்ளி. அதைக் கடந்தால் தமிழ்நாடு. காலையிலும் மாலையிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் தெருவில் நின்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி என்று ஐந்து மொழிகளில் தேநீர் கேட்பது காதில் விழும். என் தந்தையார் அந்தத் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. முன்னறையின் ஒரு சுவர் முழுவதும் நூல்கள்.

அந்த நூல்களில் பெரும்பாலானவை அவர் வாங்கியவை. சம்பள நாளில் ஒன்று, போனஸ் வந்தால் மூன்று. வாங்கிய அன்றே முதல் பக்கத்தில் தேதியையும் விலையையும் பென்சிலால் குறித்துவிடுவார். பிறகு செய்தித்தாளால் அட்டை போட்டு அலமாரியில் வைப்பார். படிப்பாரா என்றால், இல்லை. ஷிப்டு முடிந்து வந்தவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் கண் செருகிவிடும். "ரிட்டயர் ஆனதும் இருக்கவே இருக்குது காலம்" என்பார். சில நூல்களில் அந்தத் தேதிக்குக் கீழே "ஓய்வுக்குப் பின்" என்று எழுதியும் வைத்திருக்கிறார். ஓய்வும் வந்தது. ஆனால் அதற்குள் சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைக் கெடுத்துவிட்டது. ஆளை அடையாளம் காண்பார், தெருவில் நடப்பார், எழுத்தைப் பார்த்தால் மட்டும் பார்க்கிற இடமே மறைந்துபோகிறது என்கிறார்.

தந்தை வழி வந்த இந்தக் குணம் என்னிடமும் குறையவில்லை. அவருக்காவது ஷிப்டு இருந்தது. எனக்கு என்ன இருந்தது? புத்தகக் கண்காட்சிக்குப் போனால் கை நிறைய வாங்கி வருவேன். வாங்கிய இரவு முன்னுரையைப் படிப்பேன். அத்துடன் அந்த நூலை அறிந்துவிட்டதாக ஒரு நிறைவு வந்துவிடும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களும் எங்கள் வீட்டில் உள்ளன. முதல் பாகம் முதுகு ஒடிந்து கிடக்கிறது; மற்ற நான்கும் மணமேடைப் பெண்போல் மெருகு குலையாமல் நிற்கின்றன. உங்களில் பலர் வீட்டிலும் இதே காட்சிதான் என்று நான் சொன்னால் யாரும் சினம் கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் முன்னறைச் சுவர் ஒழுகிற்று. வீட்டுக்காரர் பார்க்க வந்தார். கன்னடக்காரர், அறுபது வயதைத் தாண்டியவர்; தமிழும் பேசுவார். ஒழுகிய சுவரைப் பார்த்தவர் அதற்கு எதிர்ச் சுவரையும் பார்த்தார். "இதெல்லா ஓதிதீயா?" என்று என்னைக் கேட்டார். கன்னடத்தில் படிப்பதை ஓதுவது என்றே சொல்வார்கள். நான் கூசாமல், "ஆமாம் ஐயா, ஏறக்குறைய எல்லாம்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நூலை உருவினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அட்டைப்படத்தைப் பார்த்துக் கேட்டார். நான் பெயரைப் படித்துக் காட்டினேன். மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் "சிக்கவீர ராஜேந்திரன்", தமிழ் மொழிபெயர்ப்பு.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதியவர் மாஸ்தி. 1983-ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசு பெற்றவர். அந்த நாவலைத் தாம் பள்ளி நாளில் படித்ததாகச் சொன்னார். பிறகு, "முடிவு தமிழில் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார்.

"மிக நன்றாக முடிகிறது ஐயா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "ராஜ்யத்தையே பறிகொடுத்த குடகு ராஜா கதை அப்பா அது. நல்லா எப்படி முடியும்?" என்று மெல்லச் சொல்லிவிட்டு நூலை இருந்த இடத்திலேயே வைத்தார். ஒழுகும் இடத்துக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டார். என் தந்தையார் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு ஒரு தாளை எடுத்து நூல்களை எண்ணினேன். மொத்தம் 164. நானோ அவரோ முழுதாகப் படித்தவை 41. "எத்தனை?" என்று கேட்டார், சொன்னேன். சிறிது நேரம் கழித்து, "அந்தத் தடிப்புத்தகம் ஒண்ணு இருக்குமே, சாமிநாதையர் எழுதினது. அதிலே ரெண்டு பக்கம் வாசியேன்" என்றார். இதை அவர் முதல் முறையாகக் கேட்கவில்லை. ஓராண்டாகவே அவ்வப்போது கேட்டவர்தாம். "தேர்வு இருக்கிறது அப்பா" என்று நான்தான் சொல்லி வந்திருந்தேன்.

"என் சரித்திரம்" என்ற அந்த நூலின் முதல் பக்கத்தில் தேதி இருந்தது, விலை இருந்தது, கீழே "ஓய்வுக்குப் பின்" என்றும் இருந்தது.

உ.வே. சாமிநாதையர் ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை வாரந்தோறும் எழுதிய தம் வாழ்க்கை வரலாறு அது, 1950-இல் நூலாயிற்று. 122 அத்தியாயங்கள். ஓர் இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் 61 இரவுகள் போதும் என்று கணக்கிட்டேன். முதற் சில இரவுகள் கடமைக்குத்தான் வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர் ஊராக அலைந்து தமிழ் கற்க ஆசிரியர் தேடும் பகுதியில் என் குரல் அசட்டையாக ஓடும். "மெதுவா" என்பார் தந்தையார். நாட்கள் செல்லச் செல்ல, வண்டியில் வரும்போதே அன்று இரவு என்ன வருமோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

பாதி நூலைக் கடந்த பிறகு அந்த இடம் வந்தது. தமிழ் மாணவர் பலர் கேள்விப்பட்டதுதான். நானும் கேள்விப்பட்டிருந்தேன், படித்ததில்லை. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள். சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று பெருமையோடு அடுக்குகிறார். எதைச் சொன்னாலும் முதலியார் அசைவதாக இல்லை. இவற்றால் பயன் என்ன என்று கேட்கிறார். கடைசியில், சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று ஒரு கேள்வி. அவ்வளவு பெரிய மகாவித்துவானிடம் பாடம் கேட்ட மாணவர் அவற்றைப் படித்திருக்கவில்லை. நூல் கிடைக்கவில்லை என்று சொல்லி, கிடைத்தால் பாடமே சொல்லத் தடையில்லை என்று இளமை மிடுக்கோடு பேசிவிடுகிறார். முதலியார் கையெழுத்துப் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்! திறந்து பார்த்தால் விளங்கவில்லை. பிறகு கும்பகோணத்துச் சைனர்களிடம் போய், அவர்கள் வழிவழியாக ஓதி வந்த சிந்தாமணியைக் கேட்டுக் கேட்டுத் தெளிகிறார். 1887-இல் சிந்தாமணி அச்சாகிறது, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

நான் நிறுத்தினேன். தந்தையார் சொன்னார்: "அவருக்குப் புத்தகம் கிடைக்கலை. கிடைக்கலைன்னு சொன்னாரு. நமக்குச் செவுத்துலேயே இருக்குது."

வீட்டுக்காரரிடம் நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் பேசியது அது ஒன்றுதான்.

இங்கே ஒரு சிறு விலகல். ஏடுகள் கண்ணெதிரே கிடந்தும் படிப்பாரின்றிப் போவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று ஒரு நூல் இருந்ததாகப் பிற நூல்கள் பேசுமே ஒழிய, முழு மூலத்தை நெடுங்காலம் அறிஞர் உலகம் பார்த்ததில்லை. நம் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஏடுகளில் அது இருந்தது. நூலகத்தில் பணியாற்றிய சாமா சாஸ்திரி 1905-இல் அதைப் படித்து, இன்னதென்று உலகுக்குச் சொன்னார். 1909-இல் அச்சிட்டார். அந்த ஏட்டுக்கு நேர்ந்தது ஒன்றே ஒன்று: ஒருவர் உட்கார்ந்து அதைப் படித்தார். பேரறிஞர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வதாக எண்ணாதீர்கள். என் வீட்டு ஏட்டுக்கு அட்டையும் விலையும் இருந்தன, படிக்கக் கண்ணாடிகூட வேண்டாத கண்ணும் எனக்கு இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

பகலிலும் கொஞ்சம் படிக்கத் தொடங்கினேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியதும் ஹெப்பகோடிக்கு ஒரு நிலையம் கிடைத்தது. அதற்கு முன் பேருந்தில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் ஒரு காப்பியத்தையே படித்துவிடலாம்; ஆனால் நிற்க இடம் இராது. மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வரையில் கம்பத்தில் சாய்ந்துகொண்டு இருபது பக்கம் போகும். தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் விட்டார்கள். எல்லோரும் குறை கூறினார்கள். காலைத் தவறவிட்டால் நான் மட்டும் மகிழ்ந்ததுண்டு.

எல்லா நூலும் படிக்கத் தக்கவையாக இருந்தன என்று சொல்லமாட்டேன். பரிசு பெற்ற நாவல் ஒன்றை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் 50-ஆம் பக்கத்தில் கைவிட்டேன். "இதுக்கு நான் முப்பது ரூபாய் குடுத்தேனா?" என்று தந்தையாரே கேட்டார். அதைப் படிக்காமல் வைத்திருந்தது குற்றமன்று, வாங்கியதுதான் குற்றம் என்று இருவரும் தீர்ப்புச் சொன்னோம். மாறாக, திருக்குறள் என்னை வெட்கப்பட வைத்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த குறட்பாக்களை வைத்துக்கொண்டு 1,330-ஐயும் அறிந்தவன்போல் மேடையில் பேசியிருக்கிறேன்; நம் மன்ற மேடையிலும்தான். காமத்துப்பாலை வரிசையாகப் படித்தது இந்தத் தை மாதம்தான். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே நின்றதே, அதைப் பற்றி நாம் எவ்வளவு வருந்திப் பேசியிருக்கிறோம்! எங்கள் வீட்டுக் குறள் அதைவிட நீண்ட காலம் செய்தித்தாள் அட்டைக்குள் நின்றிருக்கிறது. அதை மூடி வைத்தவன் யார் என்று எவரும் ஊர்வலம் போகவில்லை.

61 இரவுகள் என்ற கணக்குத் தவறிற்று. தேர்வுகள் குறுக்கிட்டன, தந்தையார் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அங்கேயும் நூலைக் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓசூர்க்காரர் ஒருவர், தம் பக்கமாகத் திரும்பி வாசிக்கச் சொன்னார். நான்கு மாதத்தில் 122-ஆம் அத்தியாயம் முடிந்தது. முடிந்தது என்பதைவிட நின்றது என்பதே பொருந்தும். 1942 ஏப்ரல் 28-இல் ஐயர் மறைந்தார். அவருடைய வாழ்க்கையின் கடைசி நாற்பது ஆண்டுகள் அந்த நூலில் இல்லை.

"அப்புறம்?" என்று கேட்டார் தந்தையார்.

"அவ்வளவுதான் அப்பா."

சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு நூலை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, பென்சில் கேட்டார். எழுத்து இருக்கும் இடத்தை நான் விரல் வைத்துக் காட்டினேன். "ஓய்வுக்குப் பின்" என்பதற்குக் கீழே அன்றைய தேதியைக் கோணல் கோணலாக எழுதினார்.

அடுத்த நாள் மாலை கீழ்வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "கொத்தாயித்து" என்றார், தெரியும் என்று பொருள். இப்போது இரவு எட்டரை மணிக்கு அவரும் மாடிக்கு வருகிறார். கையில் தம்முடைய பழைய கன்னடப் பிரதியைக் கொண்டுவருகிறார். நான் தமிழில் ஒரு பகுதி வாசிக்க, அவர் அதே பகுதியைக் கன்னடத்தில் வாசித்து, எங்கே மணம் குறைந்தது என்று சொல்கிறார். தந்தையார் இருவரையும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கிறார். நேற்று 40-ஆம் பக்கம் வந்திருக்கிறோம்.