ஒன்பதாவது வளைவில் இரண்டு முட்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஊரைத் தாண்டினால் தென்னந்தோப்புகள். பிறகு ஆழியாறு அணை. அணையைக் கடந்ததும் மலை. மலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறலாம். வயிறு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்!

நாங்கள் போனது 1967-ஆம் வருஷத்து இங்கிலாந்து மாடல் கார் ஒன்றில். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடையவருக்குக் கோபம் வரும். உடையவர் என் நண்பரின் தகப்பனார். வயது 81. பார்வை மங்கியதால் ஸ்டியரிங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பின் ஸீட்டிலிருந்து உத்தரவு போடுகிறார்.

மகனுக்கு அந்தக் காரை விற்றுவிட வேண்டும் என்று ஆசை. தகப்பனாருக்கு மனமில்லை. காலஞ்சென்ற அவருடைய மனைவி அந்த முன் ஸீட்டில் உட்கார்ந்துதான் வால்பாறை வளைவுகளை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு வருவாராம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கார் வால்பாறைக்கு ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். வழியில் நின்றுவிட்டால் விற்றுவிடலாம். இந்த வழக்குக்கு நடுவர் யார் என்கிறீர்களா? அடியேன்தான்.

முதல் ஆறு வளைவுகளை வண்டி ஜம்மென்று ஏறிற்று. ஏழாவதில் நண்பர் முகம் மாறியது. டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, எஞ்சின் கொதிக்குதுங்க" என்றார். குரலில் கவலை பாதி, வெற்றி பாதி.

ஒன்பதாவது வளைவில் ஓரமாக நிறுத்தினோம். லோம்ஸ் வியூ என்று பெயர் பெற்ற இடம் அது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டு போல் கிடந்தது. மேலே பாறையில் வரையாடு ஒன்று நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. அதற்கு ரேடியேட்டர் கிடையாது, கவலையும் கிடையாது.

பானெட்டைத் திறந்தோம். ஆவி இல்லை, கருகல் வாசனை இல்லை, தண்ணீர் ஒழுகவும் இல்லை. நண்பர் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"தொடாதே கண்ணு, மூஞ்சி வெந்துரும்!" என்று பெரியவர் அதட்டினார். அரை மணி நேரம் கழித்து, துண்டை நாலாக மடித்து மூடி மேல் போட்டு மெல்லத் திறந்தோம். தண்ணீர் கழுத்து வரை இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால், ஆறிப்போன எஞ்சினுக்கும் முள் முக்கால் பாகம் ஏறி நின்றது!

"அந்த முள் மட்டுந்தான் பொய் சொல்லுதா? மத்ததெல்லாம் என்ன சொல்லுது?" என்று கேட்டார் பெரியவர்.

நல்ல கேள்வி அது. வேகம் காட்டும் மீட்டர் கேபிளால் சுழல்வது. அந்தக் காரின் ஆயில் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து ஆயிலே சிறு குழாய் வழியாக வந்து அழுத்தம் காட்டுகிறது. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டாம். இரண்டும் ஒழுங்காக இருந்தன. மின்சாரத்தால் வேலை செய்பவை சூட்டு மீட்டரும் பெட்ரோல் மீட்டரும். 1960களில் வந்த பல இங்கிலாந்துக் கார்களில் இந்த இரண்டுக்கும் சேர்த்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி உண்டு. வோல்டேஜ் ஸ்டெபிலைஸர் என்பார்கள். பேட்டரியின் 12 வோல்ட், வண்டி ஓடும்போது டைனமோவால் இன்னும் கூடும். அதை விட்டு விட்டு அனுப்பி, சராசரி 10 வோல்ட்டாக இரண்டு மீட்டருக்கும் பங்கிடுவது அதன் உத்தியோகம்.

அந்தப் பெட்டிக்கு எர்த் கிடைப்பது, அதை டாஷ்போர்டுத் தகட்டோடு பிணைக்கும் ஒரே திருகாணி வழியாக. திருகாணி துருப்பிடித்தால் பெட்டி கடமையை மறந்து, வந்த மின்சாரத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும். இரண்டு முட்களும் உள்ளதற்கு மேல் காட்டும்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் ஒரே மாதிரி பொய் சொன்னா, பிள்ளைங்களை அடிச்சுப் பிரயோஜனமில்லை. வீட்டுல யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு பாரு" என்றார் பெரியவர்.

நண்பர் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். சற்று நேரத்தில் "துருவுங்க!" என்று குரல் வந்தது. உப்புத்தாளால் திருகாணியையும் தகட்டையும் தேய்த்து இறுக்கி, பெட்டியிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் ஒயரும் கட்டினார். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். இந்த மீட்டர்களுக்குள் இருப்பது சூட்டில் வளையும் உலோகப் பட்டை, முள் அவசரப்படாது. மெல்ல அசைந்து, இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

நண்பர் சிரித்தார். அடுத்த கணம் சிரிப்பு நின்றது. காலையில் அரை டாங்கி என்றும், ஏறும்போது கால் டாங்கிக்கு மேல் என்றும் சொல்லி வந்த பெட்ரோல் முள், இப்போது காலி என்னும் கோட்டருகே படுத்திருந்தது! அதை நம்பித்தான் பொள்ளாச்சியில் பங்கைக் கண்டும் காணாமல் வந்திருந்தார்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு முட்களும் ஒரே பொய்யைத்தான் சொல்லின. பயமுறுத்திய முள்ளைச் சந்தேகித்து ஆராய்ச்சி செய்தோம். ஆறுதல் சொன்ன முள்ளை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முதல் முள் பயமுறுத்தாமல் இருந்திருந்தால், காட்டு நடுவில் ஏதோ ஒரு வளைவில், வயோதிகரை வைத்துக்கொண்டு நின்றிருப்போம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு முள் மட்டும் தவறினால், டாங்கியில் அல்லது எஞ்சினில் அதற்கென்று உள்ள யூனிட்டையும் ஒயரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தவறினால் புது மீட்டருக்குப் பணம் அழ வேண்டாம். முதலில் அந்தத் தகரப் பெட்டியின் திருகாணியைப் பாருங்கள்.

நண்பர் டின்னோடு கீழே போகும் பஸ்ஸில் ஏறிப் பெட்ரோல் வாங்கி வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெரியவர் அணையைப் பார்த்தபடி மௌனமாக இருந்தார். மகன் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நடுவர் ஐயா, வண்டி வழியில நின்னுதுங்களா?"

"வண்டி நிற்கவில்லை ஐயா. நாம்தான் நிறுத்தினோம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

நண்பர் அப்பீல் செய்யவில்லை. கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். அடுத்த பலகை வந்ததும், யாரும் சொல்லாமலே, "பத்து" என்றார் சத்தமாக.

பின் ஸீட்டிலிருந்து பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.