டயருக்குள் ஒரு பட்டி

முதலாம் பாடவேளைக்கு இடாப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். அந்த வாரத்தில் அவன் பிந்தி வருவது அது மூன்றாவது தடவை. சேர்ட் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது.

"ஏன் பிந்தினாய்?" என்று கேட்டேன்.

"சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுது, மௌலவி."

"திங்கட்கிழமையும் காத்துப் போனது, நேற்றும் காத்துப் போனது. ஊரில் உன்ட சைக்கிளுக்கு மட்டும்தானா காத்துப் போகுது?"

வகுப்பு சிரித்தது. அவனை வெளியே நிற்கச் சொன்னேன். பாடம் முடியும் வரை நாற்பது நிமிடமும் சுவரோரம் நின்றான். மறுபேச்சுப் பேசவில்லை. அந்த நாற்பது நிமிடத்தின் கடனைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

நானும் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறவன்தான். 2022 இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது. கையில் காசு இருந்தாலும் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கொட்டிலில் நிறுத்திவிட்டு, என் மாமனாரின் பழைய 28 அங்குலச் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அதை விட மனமில்லை. ஆனால் நான் போவது தார் வீதியால். அந்த மாணவன் வருவது குளத்துக்கு அப்பாலுள்ள கிறவல் பாதையால்.

அடுத்த வாரம் தார் வீதியில் மதகு திருத்த வேலை தொடங்கியது. நானும் கிறவல் பாதையால் போக நேர்ந்தது. இரண்டு நாட்கள் நல்லபடியாகப் போயின. மூன்றாம் நாள் பாதி வழியில் பின்சில்லு தட்டையாகிவிட்டது. சுற்றிலும் வீடில்லை, கடையில்லை. மூன்று கிலோமீற்றர் தூரம் ஜுப்பா நனைய நனையச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாடசாலைக்குள் நுழையும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. அதிபர் என்னைக் கண்டதும், "பரவாயில்ல மௌலவி, முகத்தைக் கழுவிட்டு வகுப்புக்குப் போங்க" என்றார்.

என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லை. "உங்கட சைக்கிளுக்கு மட்டும்தானா காத்துப் போகுது?" என்று யாரும் கேட்கவில்லை. என் சொல்லை உடனே நம்பினார்கள். நான் நிறுத்தி வைத்த அதே சுவரோரம் சைக்கிளைச் சாத்தும்போது என் முகம் சுட்டது.

இடைவேளையில் அந்த மாணவனே வந்தான். சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டினான். சில்லைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "உடை முள்ளு, மௌலவி. எனக்கு இந்த மாதம் ஆறு தரம்" என்றான். அவனுடைய டயரைப் பார்த்தேன். பூக்கள் தேய்ந்து, சில இடங்களில் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது.

எங்கள் முசலிப் பகுதியை அறிந்தவர்களுக்கு அந்தப் பாதையைச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஊர்கள் வெறுமையாயின. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் மக்கள் திரும்பி வந்து பார்த்தால், வீட்டு வளவுகளில் காடு வளர்ந்து நின்றது. அந்தக் காட்டில் உடை மரமும் ஒன்று. அதன் வெண்முட்கள் விரல் நீளம் இருக்கும். காட்டை வெட்டினோம். வெட்டிய முட்கிளைகளையே தோட்டங்களுக்கு வேலியாக அடைத்தோம். கிளைகளைப் பாதையில் இழுத்துக்கொண்டு போகும்போது முட்கள் உதிரும். இது போதாதென்று பாதையோர மணலில் நெருஞ்சி. அதன் மஞ்சள் பூ பார்க்க அழகு. காய் காய்ந்து ஐந்தாகப் பிரிந்தால், ஒவ்வொரு துண்டிலும் உறுதியான முட்கள் இருக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும்.

அன்று பின்னேரம் சைக்கிள் கடை நானாவிடம் போனேன். டியூபை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மௌலவி, இதில டியூபை விட ஒட்டுத்தான் கூட. இனி ஒட்டி வேலையில்ல. டயருக்குள்ள ஒரு பட்டி போடுங்க."

பட்டி என்று அவர் சொன்னது டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் ஒரு காவல். நகரத்துக் கடைகளில் 'லைனர்' என்ற பெயரில் கடினமான பிளாஸ்ரிக்கில் விற்கிறார்கள். ஊரில் பழைய டியூபை நீளவாக்கில் பிளந்து போடுவதுண்டு. நெருஞ்சி போன்ற குட்டை முள்ளுக்கு அது ஓரளவு தாங்கும். உடை முள்ளுக்குத் தாங்காது. அதற்குத் தேய்ந்து மெலிந்த பழைய டயரின் நடுப்பகுதிதான் சரி என்றார் நானா.

இவ்வளவுதானே என்று வீட்டுக்கு வந்து நானே செய்தேன். பழைய டயர் ஒன்றின் இரு ஓரத்துக் கம்பிகளையும் வெட்டி நீக்கி, நடுப்பட்டியை எடுத்து, அளவுக்கு நறுக்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். மூன்று வாரங்கள் முள்ளின் தொல்லையே இல்லை. நாலாம் வாரம் காற்றுப் போனது. டயரில் முள்ளும் இல்லை, துளையும் இல்லை.

நானா டியூபை விரலால் தடவிக் காட்டினார். பட்டியின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் டியூப் உரசி உரசித் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. "முனையை நேராக வெட்டிட்டீங்க. அந்த விளிம்பே கத்தி மாதிரி. முள்ளு செய்ய வேண்டிய வேலைய உங்கட பட்டி செஞ்சிருக்கு" என்றார்.

பிறகு அவரே பொறுமையாகச் சொல்லித் தந்தார். வாசகர்களில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும், சைக்கிளில் பாடசாலை செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைக்க வேண்டும். ஒடிந்து நிற்கும் முள் துணியில் சிக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். அந்த முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால், மறுநாளே அதே இடத்தில் மீண்டும் ஓட்டையாகும். அடுத்து, பட்டியின் இரு முனைகளையும் கத்தியாலும் அரத்தாலும் சீவித் தாள் போல மெலிதாக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வைக்க வேண்டும். பட்டியின் வழுவழுப்பான உட்புறம் டியூபின் பக்கம் இருக்க வேண்டும். பொருத்து வரும் இடத்தில் பழைய டியூபின் துண்டொன்றை இடையில் வைத்தால் உரசல் குறையும். டியூபுக்குக் கொஞ்சம் முகப்பவுடர் தூவுவதும் நல்லது. பட்டி டயரின் நடுவில் நிற்கிறதா என்று சுற்றிவரப் பார்த்து, சிறிது காற்றடித்து மீண்டும் பார்த்து, அதன் பிறகுதான் முழுக் காற்றும் அடிக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. பட்டி டயரின் பக்கச் சுவரைக் காக்காது. காற்றுக் குறைந்த சில்லு கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கும். அதையும் பட்டி தடுக்காது. ஆகவே வாரம் ஒரு முறையாவது காற்றுப் பார்க்க வேண்டும். நூல் தெரியும் டயருக்குப் பட்டி போட்டு ஏமாறக் கூடாது. டயரைத்தான் மாற்ற வேண்டும். பட்டி போட்ட சைக்கிள் முன்பை விடக் கொஞ்சம் பாரமாகவும் ஓடும்.

பள்ளிவாசல் விறாந்தையில் இந்தக் கதையைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "முள்ளுக் குத்துறதும் கத்ர்தானே மௌலவி, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குச் சொன்ன செய்தி திர்மிதியில் வருவதை நினைவூட்டினேன். ஒட்டகத்துக்குக் கயிறு என்றால் சைக்கிளுக்குப் பட்டி. கயிற்றையும் ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்பதுதான் நானா எனக்குத் தந்த பாடம்.

ஆனாலும் மனதில் ஒரு பாரம் இருந்தது. என் சில்லுக்குப் பட்டி போட்டாயிற்று. இப்போது அதே முள்ளின் மேல் நான் கவலையின்றி ஏறிப் போகிறேன். முள் அங்கேயே கிடக்கிறது. எனக்குப் பின்னால் தேய்ந்த டயரோடு அந்தப் பிள்ளை வருகிறான். அவனுக்கும் பின்னால் செருப்பில்லாமல் குர்ஆன் மத்ரஸாவுக்கு நடந்து போகும் சிறுபிள்ளைகள் வருகிறார்கள்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனை எழுப்பி, "அன்று நீ சொன்னது உண்மை. விசாரிக்காமல் உன்னை வெளியே நிறுத்தியது என் பிழை. என்னை மன்னித்துக்கொள்" என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல மௌலவி" என்றான். வெளியே நிறுத்தியது எல்லோர் முன்னிலையிலும் என்றால் மன்னிப்பும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை நானாவைப் பாடசாலைக்கு அழைத்து வந்தோம். அவனுடைய சைக்கிளுக்கு நல்ல டயர் ஒன்று போட்டு, பழைய டயரிலிருந்து பட்டியும் வெட்டினோம். வேறு ஆறு பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் பட்டி போட்டோம். முனை சீவும் வேலையை அவனிடமே விட்டேன். என்னை விட அவன் கை நிதானமானது.

வேலை முடிந்த பின் பிள்ளைகளுக்கு ஒரு ஹதீஸைச் சொன்னேன். பாதையில் கிடந்த முட்கிளையொன்றை ஒருவர் அப்புறப்படுத்தினார். அந்தச் செயலை அல்லாஹ் ஏற்று அவரை மன்னித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பல வருடங்களாகப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பரீட்சைக்குக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கிளை எங்கள் ஊர்ப் பாதையிலேயே கிடக்கிறது என்பது எனக்குத் தோன்றியதில்லை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு விளக்குமாறும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு அந்தக் கிறவல் பாதைக்குப் போகிறோம். முள்ளைக் கூட்டிக் குழியில் போடுகிறோம். நெருஞ்சியைப் பூக்கும் முன்னரே பிடுங்குகிறோம். முட்கிளைகளை நிலத்தில் இழுக்காமல் மாட்டு வண்டியிலோ லேண்ட் மாஸ்டரிலோ ஏற்றிப் போகும்படி பள்ளிவாசலில் அறிவித்தோம். எல்லோரும் கேட்கவில்லை. சிலர் கேட்டார்கள்.

பிள்ளைகள் இன்னும் சில நாட்களில் பிந்தி வருகிறார்கள். இப்போது நான் முதலில் முகத்தைப் பார்க்கிறேன். பிறகு சைக்கிள் சில்லைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் காரணம் கேட்கிறேன்.

நம் பாதையைக் காத்துக்கொள்ளும் அறிவையும், பின்னால் வருபவரின் பாதையைச் சுத்தப்படுத்தும் மனதையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.