கேமராவுக்குள் குறிஞ்சி

2018ஆம் ஆண்டு, பெருமழை ஓய்ந்தபின், பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள இராஜமலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே மலரும் அப்பூவை என் மாணவர் பள்ளிக் கேமராவில் படம்பிடித்து வந்தனர். அடுத்த பூப்பு 2030இல்தான்.

கேரளப் பள்ளிகள் பலவற்றைப் போல எங்கள் கணினியும் லினக்ஸில் இயங்குவது. கேமராவை வடத்தால் இணைத்து, ஷாட்வெல் என்னும் படச்செயலியைத் திறந்தோம். கேமராவைப் பூட்ட இயலவில்லை என்றது திரை.

"சார், ஃபார்மட் செய்துவிடலாமா?" என்றான் ஒருவன்.

"வேண்டாம் தம்பி, குறிஞ்சியும் சேர்ந்து போய்விடும்" என்றேன்.

கேமரா பழுதாகவில்லை. அது ஒரு நேரத்தில் ஒரு செயலிக்கே படம் தரும். வடத்தைச் செருகியவுடன் கோப்பு மேலாளர் தானாகவே அதனைக் கைக்கொண்டுவிடுகிறது. பின்வந்த ஷாட்வெல் வாசலில் நிற்கிறது. ஒருவர் எடுத்துச் சென்ற நூலை நூலகத்தில் மற்றொருவர் கேட்பது போலத்தான். கோப்பு மேலாளரில் கேமராவின் பெயருக்கு அருகிலிருந்த 'அன்மவுன்ட்' பொத்தானை அழுத்தினோம். ஷாட்வெல்லுக்கு வழி கிடைத்தது. அதுவும் பலிக்காவிடில், நினைவக அட்டையைக் கழற்றிக் கார்டு ரீடரில் செருகலாம், 'டி.சி.ஐ.எம்.' என்னும் கோப்புறையில் படங்கள் இருக்கும். எனக்கு இவ்வழியே எளிது.

படங்கள் இறங்கியபின், அட்டையில் உள்ளவற்றை அழிக்கவா என்று கேட்டது ஷாட்வெல். வைத்திருக்குமாறு பணித்தாள் ஒரு மாணவி. பிறகு, ஊதா நிறச் சரிவு தெரிந்த படமொன்றைத் தன் பாட்டிக்காகக் கேட்டாள். தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து இனி மலையேற இயலாதவர் அவர்.