துருக்கியின் சலவைக்கல் நாட்டில்

வீடு கட்டுவோர் வாழ்நாளில் ஒரு முறைதான் தரைக்குக் கல் தேர்கிறார்கள். சுவரின் வண்ணத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றலாம்; கதவைக்கூட மாற்றலாம். பதித்த கல்லைப் பெயர்ப்பது எளிதன்று. பிழைப்பு நாடி வடபுலம் வந்து, வாடகை வீடுகளில் காலங்கழித்து, ஓய்வு பெறும் தறுவாயில் சொந்த வீடு காணும் நம்மவர்க்கு அந்தக் கல் அலங்காரம் மட்டுமன்று. சேமிப்பின் ஒரு பகுதி. கடைக்குப் போனாலோ, "இத்தாலியன் மார்பிள்" என்ற ஒரே பெயரின்கீழ்ப் பல நாட்டுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல துருக்கியில் பிறந்தவை. பிறந்த இடத்திலேயே அவற்றைக் கண்டுவர வேண்டும் என்ற அவாவினால், 2024ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நாங்கள் அந்நாட்டில் பன்னிரண்டு நாள் சுற்றினோம். கண்டவற்றுள் பயனுடையவற்றை அன்பர்களுக்குச் சொல்லுகிறோம்.

முதற் பாடம் இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியாவில் கிடைத்தது. கி.பி. 537இல் மாதா கோயிலாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1453இல் பள்ளிவாசலாகி, இருபதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகி, 2020 முதல் மீண்டும் பள்ளிவாசலாக விளங்கும் கட்டடம் அது. மேல்மாடத்தில் நின்றபோது எங்களைக் கவர்ந்தவை சுவர்களே. ஒரே பாளத்தை அறுத்து, அடுத்தடுத்த இரு பலகைகளை ஏட்டை விரிப்பதுபோல் விரித்துப் பதித்திருக்கிறார்கள். இடப்புறத்து ரேகை வலப்புறத்தில் கண்ணாடி நிழல்போல் எதிரொலிக்கிறது. இன்று கடைக்காரர் "புக் மேட்ச்" என்று புதுமையாகச் சொல்லி விலை கூட்டும் முறைக்கு ஏறத்தாழ 1,500 வயது! காலடியில் சாம்பல் ரேகை ஓடிய வெள்ளைக் கல், எண்ணற்ற மனிதர் நடந்து நடந்து மெருகேறிக் கிடக்கிறது. அக்கல்லின் பிறப்பிடம் மர்மராத் தீவு.

எர்தெக் துறையில் கப்பலேறி அத்தீவை அடைந்தோம். சலவைக்கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே தீவுக்கும், அதைச் சூழ்ந்த கடலுக்கும் பெயராயிற்று. துருக்கியர் இக்கல்லை "மெர்மெர்" என்கிறார்கள். வடகரையில் சாராய்லார் என்ற ஊர். அதன் பின்னே குன்றுகளைப் படிப்படியாக வெட்டி எடுத்த குவாரிகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. ரோமானியர் காலத்தில் இங்கேயே தூண்களையும் கல்லறைப் பேழைகளையும் அரைகுறையாகச் செதுக்கிக் கப்பலேற்றினார்களாம். நுண்வேலை, போய்ச் சேரும் ஊரில் நடக்கும். அவ்வாறு முடிவுறாது நின்றுபோன தூண்களும் சிலைகளும் ஊரின் திறந்தவெளிக் காட்சிச்சாலையில் கிடக்கின்றன. எடையைக் குறைத்து அனுப்புவதே வணிகத்தின் முதல் விதி என்பதை அவை இன்றும் உரைக்கின்றன.

அங்கிருந்து தெற்கே உள்நாட்டுக்குச் சென்றோம். அபியோன்கராஹிசார் என்ற மாகாணத் தலைநகரின் பெயரில் உள்ள "அபியோன்", நம் "அபின்" என்ற சொல்லின் உறவே. அதன் அருகே இஸ்ஜெஹிசார் என்ற சிற்றூர் இருக்கிறது. பண்டைக் காலத்தில் டொக்கிமியம் எனப் புகழ்பெற்ற இவ்விடத்தில் ஊதா ரேகை பாய்ந்த வெள்ளைக் கல் கிடைத்தது. ரோமாபுரியின் பாந்தியன் ஆலயத்தில் அதனைக் காணலாம். இன்றும் ஊர் முழுவதும் கல்லைச் சுற்றியே வாழ்கிறது. வைரத் துணுக்குகள் கோத்த கம்பிவடம் நீரில் நனைந்தபடி மலையை வெண்ணெய்போல் அறுப்பதைப் பார்த்தோம். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம் கொண்ட ஒரு பாளம் ஏறத்தாழ 23 டன் எடையாம்.

குவாரியில் எங்களுக்கு வழிகாட்டியவரை எல்லாரும் "உஸ்தா" என்றழைத்தனர். தொழிலில் தேர்ந்த மூத்தவரைக் குறிக்கும் மரியாதைச் சொல் அது. வட இந்தியாவில் நாம் கேட்கும் "உஸ்தாத்" அதன் உடன்பிறப்பு. அவர் ஒரு பலகையின்மேல் வாளி நீரை ஊற்றினார். நீர் உலரும்போது, அதுவரை தெரியாத ஒரு வெடிப்பு கரிய கோடாகத் தங்கி நின்றது. "காய்ந்த கல் பொய் சொல்லும்; நனைந்த கல் சொல்லாது" என்றார். பலகையைத் திருப்பிப் பின்புறத்தையும் காட்டினார். பலவற்றில் கண்ணாடி இழை வலை ஒட்டியிருந்தது. வலை இருப்பதே குற்றமன்று. பலகை வழியில் உடையாதிருக்க ஒட்டுவதுண்டு. ஆனால் அது வெடிப்பையும் மறைக்கக்கூடும். ஆகவே முகத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தல் ஆகாது.

கணக்கொன்றும் அவரிடம் கற்றோம். 1 மீட்டர் தடிப்புள்ள பாளத்திலிருந்து 2 சென்டிமீட்டர் பலகைகள் 50 வரவேண்டும் என்று நாம் நினைப்போம். வாள் ஒவ்வோர் அறுப்புக்கும் 5 மில்லிமீட்டரைத் தின்றால் 40தான் வரும். கல்லின் விலையில் தூளாய்ப் போன கல்லின் விலையும் அடங்கியிருக்கிறது.

அடுத்து தெனிஸ்லி. அதன் அருகே பாமுக்காலே. "பருத்திக் கோட்டை" என்பது பொருள். வெந்நீர் ஊற்றுகள் சுண்ணாம்பைச் சுமந்து வந்து, மலைச்சரிவில் வெள்ளைத் தட்டுகளாக உறைய விட்டிருக்கின்றன. அந்த உறைவே காலப்போக்கில் டிராவர்டைன் என்னும் கல்லாகிறது. நீரும் வாயுவும் சென்ற வழிகள் துளைகளாக நிலைத்துவிடும். மேலே ஹியராபோலிஸ் என்ற பழநகரம் அதே கல்லால் கட்டப்பட்டு நிற்கிறது. இரண்டும் 1988இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன. இவ்வூரில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழையின் மூடியில், நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் அறுவை இயந்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பொறிக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று அதுவே. கல் அறுக்கும் தேவை எத்துணைப் பெரிய அறிவைப் பிறப்பித்திருக்கிறது!

டிராவர்டைன் வாங்குவோர் ஒன்று கேட்க வேண்டும்: துளைகள் அடைக்கப்பட்டவையா, எதனால்? சிமெண்டாலோ பிசினாலோ அடைப்பார்கள். அடைக்காத கல்லைத் தரையிலிட்டால் துளைதோறும் அழுக்குச் சேரும். அதுவே சுவரில் அழகு.

இறுதியாக இஸ்மீர் துறைமுக நகரில், 1995 முதல் நடந்துவரும் கல் கண்காட்சியைப் பார்த்தோம். எங்கும் பளபளப்பு; எங்கும் கவர்ச்சியான பெயர்கள். ஒரே குவாரிக் கல்லுக்கு ஒவ்வொரு வணிகர் ஒவ்வொரு பெயர் சூட்டுகிறார். பெயரைக் கேட்டால் விலை தெரியும். ஊரையும் குவாரியையும் கேட்டால்தான் கல் தெரியும்.

ஊரைக் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தாலியா மாகாணத்து ஃபினிகே பகுதியில் சலவைக்கல் குவாரிகளால் காடு அழிவதை எதிர்த்துப் போராடிய தம்பதியர் 2017 மே மாதத்தில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் கூடத்தில் மின்னும் கல் எந்த மலையை வெட்டி வந்தது என்று வினவுவது, வாங்குவோர் செய்யக்கூடிய சிறிய அறம்.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம். சலவைக்கல்லும் டிராவர்டைனும் சுண்ணாம்பின் இனம். புளியும் எலுமிச்சையும் மோரும் பட்டால் மெருகு அரிக்கப்பட்டு மங்கிய தழும்பு விழும். எண்ணெயும் மஞ்சளும் உள்ளிறங்கிக் கறையாகும். எனவே நம் சமையல் மேடைக்கு எந்நாட்டுச் சலவைக்கல்லும் ஏற்றதன்று. தென்னாட்டுக் கருங்கல் அதனினும் பலமடங்கு உழைக்கும். பூசை அறையில் விளக்கின்கீழ்த் தட்டு வைப்பது நன்று. குளியலறைத் தரைக்கு மெருகு மிக்க கல் வழுக்கும். மெருகு குறைந்த கல்லே முதியோர்க்குப் பாதுகாப்பு. வெள்ளைத் தரை வேண்டுவோர், ஆக்ராவின் தாஜ்மகாலையும் கல்கத்தாவின் விக்டோரியா நினைவகத்தையும் ஒருமுறை நோக்கட்டும். இரண்டும் ராஜஸ்தானத்து மக்ரானாக் கல். நம் வெயிலையும் மழையையும் கண்டு தேர்ந்தவை. துருக்கியின் சிறப்பு அதன் பழுப்பு வெண்மைக் கற்களிலும் டிராவர்டைனிலும் உள்ளது. கூடத்துத் தரைக்கும் சுவருக்கும் அவை பொருந்தும்.

வாங்கத் துணிந்தவர் மாதிரித் துண்டை நம்பாமல் முழுப் பலகைகளைப் பார்க்க வேண்டும். ஒரே பாளத்தில் அறுத்தவை தானா என்று எண்களைச் சரிபார்க்க வேண்டும். தேவைக்குமேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வைப்பது பின்னாளில் உதவும். சிறு துண்டொன்றை வீட்டுக்குக் கொணர்ந்து, ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறும் மறுபக்கம் நல்லெண்ணெயும் இட்டு ஓரிரவு வைத்துப் பார்த்தால், விற்பவர் சொல்லாததைக் கல்லே சொல்லிவிடும். 2 சென்டிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு 54 கிலோ. 300 சதுர மீட்டர் 16 டன்னைத் தாண்டும். தனி ஒருவர் நேரே வரவழைப்பது வீண் சுமை. கிஷன்கட் போன்ற சந்தையில், பல குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதே மேல்.

இன்னொன்று. 2025 மே மாதத்தில் இரு நாட்டு உறவு கசந்தபோது, உதயப்பூர்ச் சலவைக்கல் வணிகர் துருக்கியுடன் வணிகத்தை நிறுத்துவதாக அறிவித்தனர். ஆகவே ஒரு கல்லையே மனத்தில் வைத்துக் கட்டட வரைபடம் தீட்டுதல் கூடாது. முன்பணம் கொடுக்குமுன், கல் இந்தியக் கிடங்கில் இருக்கிறதா என்று நேரில் சென்று கண்டறிவதே விவேகம்.

கல் நமக்குப் பின்னும் இருக்கும் பொருள். கண்ணுக்கு இனியதைத் தேர ஒரு நாழிகை போதும். நாளைய மழைக்கும், பேரக் குழந்தைகளின் ஓட்டத்துக்கும், அன்றாடச் சமையலுக்கும் ஈடுகொடுப்பதைத் தேரச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களை மனமுவந்து செலவிடும் குடும்பத்தின் சேமிப்பு வீண்போகாது.