காவல்காரன்

நாவலின் 11-ஆம் அத்தியாயம் டிஸ்க்கோடு போய்விட்டது. நான் கலங்கவில்லை. ஃபைல் மாறிய மறுகணமே வேறிடத்தில் நகலெடுக்க அக்கா மகன் ஒரு புரோகிராம் எழுதித் தந்திருந்தான். நகலைத் திறந்தேன். முதல் நாள் எழுதிய இரண்டே பக்கங்கள்!

"என்னடா இது?" என்றேன்.

முன்பெல்லாம் இத்தகைய புரோகிராம்கள், "மாறிற்றா, மாறிற்றா?" என்று அடிக்கடி போய்ப் பார்த்து வருமாம். 2005-இல் லினக்ஸில் 'ஐநோட்டிஃபை' வந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. மாறினால் கெர்னலே சொல்லும். புரோகிராம் தன் நிகழ்வுச் சுழலில், மற்றச் செய்திகளோடு இதற்கும் காத்துத் தூங்கலாம்.

"பின்னே ஏன் எழுந்திருக்கவில்லை?"

"நீங்க சேவ் பண்றப்போ எடிட்டர் பழைய ஃபைலைத் திருத்தறதில்லை, மாமா. புதுசா ஒண்ணு எழுதி, அதுக்கே அந்தப் பெயரை வச்சுடறது. பழசு அழிஞ்சதும் காவலும் முடிஞ்சுது. ஃபைல் இருக்கிற ஃபோல்டரைக் காவல் காத்திருக்கணும்."

சற்றுத் தயங்கி, "காவல் முடிஞ்சதையும் கெர்னல் சொல்லியிருக்கும். அதைக் கேட்க நான்தான் எழுதலை" என்றான்.

அவனைக் கோபிக்க மனம் வரவில்லை. அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். எண் அதே 11தான். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் மட்டும் இன்னும் பழையதற்கே காவல் இருக்கிறேன்.